உள்ளரங்க விளையாட்டுகளைப் படம் பிடித்தல்

மாவட்ட அளவில் நடைபெறும் பாட்மிண்டன், மேஜைப் பந்தாட்டம், கபடி முதலிய போட்டிகளைப் படம் பிடித்து அறிக்கையோடு சேர்த்தனுப்பும் பொறுப்பு, பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியரையோ கள ஊழியரையோ வந்தடைகிறது. வெளித் திடலில் தெளிவான படங்களைத் தந்த காமிரா, அரங்கினுள் கொண்டுவரப்பட்டதும் கலங்கிய உருவங்களையே தருகிறது. முகம் தெளிவற்றும், மட்டையேந்திய கை புகைபோலவும் காணப்படும். இதனால் காமிரா பழுதென்றோ, எடுத்தவருக்குத் திறமை போதாதென்றோ முடிவு செய்வது பொருந்தாது. காரணம் ஒளியின் அளவில் உள்ளது. அதனைக் கணக்கிட்டு அறியலாம். முதன்முறையாக மாவட்டப் போட்டியில் ஆடும் மாணவிக்கு அந்த ஆட்டம் மீண்டும் வாய்ப்பதில்லை. ஆகவே கணக்கை முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

அரங்கின் ஒளி

நண்பகல் வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். ஓரளவு நன்றாக விளக்கிடப்பட்ட பள்ளி அரங்கில் அது 300 லக்ஸ் அளவிலேயே இருக்கும். அதாவது வெயிலில் முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கண் தன்னைத்தானே ஒளிக்கு இசைவித்துக்கொள்வதால் மனிதர் இவ்வேறுபாட்டை முழுமையாக உணர்வதில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென விளக்கமைக்கப்பட்ட பெரிய அரங்குகளில் ஒளி பல மடங்கு மிகுதி. ஆதலால் அங்கு எடுக்கப்படும் படங்களோடு பள்ளி அரங்கின் படங்களை ஒப்பிடுவது தகாது.

குறைந்த ஒளியை ஈடுசெய்ய மூன்று வழிகளே உள்ளன. லென்சின் துவாரத்தைப் பெரிதாக்கலாம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டலாம், ஐ.எஸ்.ஓ. எண்ணால் குறிக்கப்படும் உணர்திறனை உயர்த்தலாம். இம்மூன்றில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே வினா.

நேரத்தை நீட்டலாகாது

விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் 1/60 விநாடியில் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறார். அத்தனை தூரமும் படத்தில் கலக்கமாகப் பதிகிறது. 1/500 விநாடியில் அந்த நகர்வு 1 சென்டிமீட்டர் மட்டுமே. பந்தின் வேகமோ வேறு வகையானது. 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த பந்தின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர் என அளவிடப்பட்டது. அத்தகைய பந்து 1/1000 விநாடியிலும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் நகரும். எனவே, பந்தை அசையாததுபோல் பதிவு செய்வதை நோக்கமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் முகமும் உடலின் நிலையும் தெளிவாக விளங்கினால் போதும். அதற்கு 1/500 விநாடி ஏற்றது.

கை நடுக்கத்தைக் குறைக்கும் கருவி இக்கால லென்சுகள் பலவற்றில் அமைந்துள்ளது. அது காமிராவின் அசைவை மட்டுமே திருத்தும்; ஆட்டக்காரரின் அசைவைத் திருத்தாது. ஒற்றைக்கால் தாங்கிக்கும் இது பொருந்தும்.

தொலைப்பட லென்சின் இயல்பு

பொருள் தொலைவில் இருப்பதால்தான் படம் இருண்டுவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. தொலைவு கூடும்போது ஆட்டக்காரரிடமிருந்து லென்சுக்கு வரும் ஒளி குறைவது உண்மையே. ஆனால் அவருடைய உருவமும் அதே விகிதத்தில் சிறுத்துவிடுவதால், உருவத்தின் பிரகாசம் மாறுவதில்லை. அப்பிரகாசத்தை நிர்ணயிப்பது, லென்சின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எஃப்-எண். 200 மி.மீ. லென்சு எஃப் 2.8 ஆக இருக்க வேண்டுமானால் அதன் துவாரம் 71 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அதனால் அது கனமும் விலையும் மிகுந்ததாகிறது. எளிதில் கிடைக்கும் 70–300 மி.மீ. லென்சுகள், நீண்ட முனையில் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்கே திறக்கின்றன. எஃப் 2.8-இல் புகும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே எஃப் 5.6-இல் புகும்.

300 லக்ஸ் ஒளியும் 1/500 விநாடியும் என்று கொண்டால், எஃப் 5.6-க்கு ஐ.எஸ்.ஓ. 12,800 தேவை. எஃப் 2.8-க்கு 3,200 போதும். 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற நிலையான லென்சுக்கு ஏறத்தாழ 1,300 போதுமானது. விலையுயர்ந்த லென்சு இல்லாத பள்ளிக்கு இங்கு ஒரு வழி புலப்படுகிறது. 15 மீட்டர் தொலைவிலிருந்து 200 மி.மீ. லென்சு தரும் உருவ அளவையே 85 மி.மீ. லென்சு 6 மீட்டருக்குச் சற்று மேலான தொலைவிலிருந்து தருகிறது. பாட்மிண்டன் களத்தின் நீளம் 13.40 மீட்டர்; அதில் ஒரு பாதி 6.70 மீட்டர். நடுவரின் இசைவு பெற்று, பக்கக் கோட்டிற்கு வெளியே ஆட்டத்திற்கு இடையூறின்றி, வலைக்கு அருகே அமர்ந்தால், பின்கோட்டருகே ஆடுபவரின் முகம் இந்த லென்சுக்கு நன்கு எட்டும்.

பெரிய துவாரத்திற்கு ஒரு விலை உண்டு. 35 மி.மீ. சட்ட அளவுள்ள காமிராவில் 200 மி.மீ. லென்சை எஃப் 2.8-இல் திறந்து 15 மீட்டர் தொலைவில் குவித்தால், முன்பின்னாக ஏறத்தாழ 1 மீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். ஆகவே ஆட்டக்காரரின் முகத்தின்மீது குவியத்தை நிறுத்தித் தொடர்ந்து பின்பற்ற வேண்டும்.

புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம்

உணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. பிலிம் காலத்திலும் இக்குறை இருந்தது. 1954-இல் 35 மி.மீ. சுருளாக வெளிவந்த கோடக் டிரை-எக்ஸ் போன்ற விரைவுப் பிலிம்களைக் கூடுதல் நேரம் கழுவிப் பத்திரிகைப் படக்காரர்கள் சமாளித்தனர். இன்றைய காமிராவில் புள்ளிகளுக்கு முதற்காரணம் ஒளியின் பற்றாக்குறையே. ஒளி ஃபோட்டான்கள் எனும் தனித்தனித் துகள்களாக வருகிறது. ஓரிடத்தில் சராசரியாக 10,000 துகள்கள் பதிந்தால் ஏற்றத்தாழ்வு 100 அளவில், அதாவது 1 சதவீதமாக இருக்கும். 100 துகள்களே பதிந்தால் ஏற்றத்தாழ்வு 10 ஆகி, 10 சதவீதமாக உயர்கிறது. அதுவே புள்ளியாகத் தெரிகிறது.

புள்ளி நிறைந்த முகத்தை அடையாளம் காண இயலும். கணினியில் ஓரளவு மென்மையாக்கவும் இயலும். கலங்கிய முகத்தை முழுமையாகத் திருத்த வழியில்லை. ஆதலால் விட்டுக்கொடுக்க வேண்டியது உணர்திறனில்தான், நேரத்தில் அன்று.

விளக்கின் துடிப்பு

இந்தியாவில் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் உடையது. பழைய வகைச் சோக்குடன் எரியும் குழல்விளக்குகளும் சில எல்.இ.டி. விளக்குகளும் இதனால் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. ஒரு துடிப்புக்கு 1/100 விநாடி ஆகிறது; 1/500 விநாடி அதில் ஐந்தில் ஒரு பகுதியே. எனவே அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று மங்கலாகவும் அமையலாம், நிறமும் மாறலாம். துடிப்பின் உச்சத்தில் ஷட்டரை இயக்கும் வசதி காமிராவில் இருப்பின் அதைப் பயன்படுத்துக. இல்லையெனில் ஒவ்வொரு தருணத்திலும் சில படங்கள் தொடர்ந்து எடுத்து, நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். பரிசளிப்பின்போது அசையாது நிற்பவர்களை 1/100 விநாடியில் எடுத்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

பிளாஷ் வேண்டாம்

பாய்ந்து வரும் பந்தை நோக்கும் கண்ணில் திடீர் வெளிச்சம் பட்டால் ஆட்டம் கெடும்; உடற்சாகசப் போட்டியிலோ காயமே நேரலாம். ஆகவே இத்தகைய போட்டிகளில் பிளாஷ் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. அன்றியும், 5 மீட்டரில் கிடைக்கும் பிளாஷ் ஒளியில் பதினாறில் ஒரு பங்கே 20 மீட்டரில் கிடைக்கும். பார்வையாளர் வரிசையிலிருந்து அடிக்கும் பிளாஷ் படத்திற்கும் பெரும் பயன் தராது.

உச்சத் தருணம்

ஒளி மிகவும் குறைந்த அரங்கில் இயற்கையே ஓர் உதவி புரிகிறது. மேலெழும்பிய உடல் உச்சியில் ஒரு கணம் வேகமிழக்கிறது. உச்சியை அடைவதற்கு 1/20 விநாடி முன்பும், அடைந்த 1/20 விநாடி பின்பும், உடல் உச்சியிலிருந்து 1.2 சென்டிமீட்டர் அளவே தாழ்ந்திருக்கும். அத்தருணத்தில் 1/250 விநாடியே முகத்தைத் தெளிவாகக் காட்டும், ஐ.எஸ்.ஓ. எண்ணும் பாதியாகக் குறையும். பந்து போடுமுன் நிலைத்து நிற்கும் கணமும், புள்ளி வென்றபின் கை உயர்த்தி நிற்கும் கணமும் இத்தகையவையே. இவற்றை எதிர்பார்க்க ஆட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வகையில், விலையுயர்ந்த காமிரா வைத்திருக்கும் அயலாரைவிட விளையாட்டு ஆசிரியருக்கே வாய்ப்பு மிகுதி.

போட்டி தொடங்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கி, பயிற்சி ஆட்டத்தின்போது துவாரத்தை முழுமையாகத் திறந்து, 1/500 விநாடியை நிலையாக வைத்து, முகம் போதிய வெளிச்சத்துடன் தெரியும்வரை ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திப் பார்த்துக் குறித்துக்கொள்க. விளக்கின்கீழ் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்துகொள்க. அரங்கின் விளக்குகள் மாறாதவரை இவ்வளவுகள் ஆட்டம் முழுமைக்கும் பொருந்தும். அதன்பின் கண்ணும் கருத்தும் ஆட்டத்தின்மீதே நிற்கலாம்.