பாதித் தாங்கி என்று சொன்ன முள்

பனிக்கங்குளத்தைத் தாண்டியதும் கார் இருமியது. பின் நின்றுவிட்டது. பெற்றோல் மீற்றரின் முள் பாதியில் நின்றது. நானும் அதை நம்பி, பற்றரி, பிளக் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தேன். பின் சீற்றில் அம்மா, கையில் தெல்லிப்பழை வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர்தான் தாங்கி மூடியைத் திறந்து காரை ஆட்டச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. அவரோடு கிளிநொச்சிப் பக்கம் போய் பெற்றோல் வாங்கி வந்து ஊற்றிப் புறப்பட்டபோது, கிளினிக் நேரம் முடிந்திருந்தது.

வவுனியா திரும்பியதும் ஒரு கராஜில் காட்டினேன். டாஷ்போர்டைக் கழற்றி மீற்றர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை என் ஒரு மாத வருமானத்துக்குக் கிட்ட வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் அண்ணையிடம் கேட்டேன். "தம்பி, மீற்றரில கை வைக்கிறதுக்கு முதல் தாங்கியைப் பாப்பம்" என்றார்.

முள்ளை நகர்த்துவது தாங்கிக்குள் இருக்கும் ஒரு மிதவை. பெற்றோல் குறையக் குறைய மிதவை இறங்கும். அதோடு பொருத்திய கம்பி, ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். தடை மாறினால் மீற்றருக்குப் போகும் மின்னோட்டம் மாறும், முள்ளும் நகரும். ஆகவே பழுது நான்கு இடங்களில் இருக்கலாம்: மீற்றர், வயர், ஏர்த், மிதவைத் தொகுதி.

முதலில் மற்ற மீற்றர்களைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை முள்ளும் வேலை செய்யாவிட்டால் பியூஸ் போயிருக்கலாம். எனது காரில் அது சரியாக இருந்தது.

அடுத்தது, பத்து நிமிடச் சோதனை. எனது கார் 1990களின் ஜப்பானியத் தயாரிப்பு. பின் சீற்றைத் தூக்கினால் தாங்கியின் மேல்மூடியும் அதன் வயர் இணைப்பும் தெரியும். சாவியைத் திருப்பி, இணைப்பைக் கழற்றினோம். முள் மெல்லக் கீழே இறங்கி வெறுமையைக் காட்டியது. மீற்றருக்குப் போகும் வயரை ஒரு கணம் ஏர்த்தில் தொட்டதும் மேலே ஏறத் தொடங்கியது. இரண்டு முனைக்கும் முள் போகிறது என்றால் மீற்றரும் வயரும் நலம். சில கார்களில் திசை தலைகீழாக இருக்கும். கணினி வழி இயங்கும் புதிய மீற்றர்களில் இப்படித் தொடக்கூடாது, பழுதாகலாம். எந்த வயர் என்று தெரியாமலும் தொடக்கூடாது. பம்புக்கான வயரும் அங்கேதான் இருக்கும்.

பின்னர் இணைப்பை மாட்டி, தொகுதியின் ஏர்த் முனையிலிருந்து காரின் உடலுக்குத் தனி வயர் கொடுத்துப் பார்த்தோம். முள் மீண்டும் பாதிக்கே வந்து நின்றது. ஏர்த்தும் பிழையில்லை. மிச்சம் மிதவைதான்.

எனது காரில் பம்பும் மிதவையும் ஒரே தொகுதி. பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, குழாயின் அழுத்தத்தைக் குறைத்தார் அண்ணை. பிறகு பற்றரியின் மறை முனையைக் கழற்றினார். இந்த வேலை திறந்த வெளியில்தான். பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. மிதவைக் கம்பி சுழலும் இடத்தில் துரு. பாதி உயரத்தில் இறுகி நின்றது. 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலத்தில், இந்தக் கார் பெரும்பாலும் வெறும் தாங்கியோடு முற்றத்தில் நின்றது. வெறும் தாங்கிக்குள் காற்றின் ஈரம் படியும், துரு பிடிக்கும்.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தோம். உள்ளே பெற்றோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும், அது மிதக்காது, முள் எப்போதும் வெறுமையிலேயே கிடக்கும். அது நல்லாயிருந்தது. துருவைத் துடைத்து, மின்தொடுகைகளுக்கான தெளிதிரவத்தால் பட்டையைச் சுத்தம் செய்து, மல்ரிமீற்றரை மாட்டி மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தினோம். மேலே சில ஓம், கீழே நூறைத் தாண்டியது. இடையில் எண் எங்கும் துள்ளவில்லை. துள்ளினால் பட்டை தேய்ந்துவிட்டது, தொகுதியை மாற்றத்தான் வேண்டும்.

செலவு ஒரு றப்பர் வளையமும் அண்ணையின் கூலியும் மட்டுமே. டாஷ்போர்டில் ஒரு திருகாணியும் கழற்றவில்லை.

உங்கள் முள்ளில் சந்தேகம் வந்தால், தாங்கியை நிரப்பி, தூரங்காட்டியைப் பூச்சியமாக்கி ஓடுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடியும் முள் அசையாவிட்டால் அதை நம்பாதீர்கள், கிலோமீற்றர் கணக்கை நம்புங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அம்மா முன் சீற்றில் இருந்தார். முறிகண்டி வரை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். "இறங்குது" என்றார், நிம்மதியாக.