ஆய்வுகூடத்திலிருந்து கிணற்றடிக்கு

தொண்டைமானாறு என்னும் பெயரில் ஆறு உண்டு. ஊரில் ஆறு இல்லை. வடமராட்சியின் மேற்கு எல்லையிற் கடலோடு கலக்கும் அந்த நீர்ப்பரப்பு உண்மையில் ஒரு கடனீரேரியாகும். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு அதனை வெட்டுவித்தான் என்பது செவிவழி வந்த வரலாறு. அங்கிருந்து அது தென்கிழக்கே வயல்களுக்கும் தரவைகளுக்கும் இடையே நெடுந்தூரம் நீண்டு கிடக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

அந்நீரேரி கடலைச் சேருமிடத்தில், 1950 களில் கதவுகளோடு கூடிய தடுப்பணை ஒன்று அமைக்கப்பட்டது. பாலத்தைக் கடந்து சந்நிதி முருகனை வழிபடச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அக்கதவுகள் எதற்காக அமைந்தன என்று அவர்களுட் சிலரை வினாவிப் பாருங்கள். வெள்ளத்தைத் தடுக்க என்பார் ஒருவர். மீனைத் தடுக்க என்பார் மற்றொருவர். கோடையிற் கடல்நீர் உட்புகாது தடுத்தல், மாரியிற் பெய்யும் மழைநீரைத் தேக்கி நிலத்திலுள்ள உப்பைக் கழுவுதல், மிகையான வெள்ளத்தைக் கடலுக்கு விடுதல், அயலிலுள்ள கிணறுகளை நன்னீராக்குதல் ஆகியவையே அதன் நோக்கங்கள். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் பெருந்திட்டத்தில் இவ்வணையும் ஓர் அங்கமாகும்.

கட்டியவர்க்குத் தெரிந்தது கடப்பவர்க்குத் தெரியவில்லை. இக்குறை தொண்டைமானாற்றுக்கு மட்டும் உரியதன்று. கற்றோர் கண்டறிந்ததை மற்றோர் அறியும்படி சொல்வது யார் கடன்? இன்றைய குடும்பங்களும் மாணவர்களும் சிந்திக்க வேண்டிய வினா இது.

யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் 1974 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1979 ஆம் ஆண்டு அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் தோன்றியது. குடாநாட்டு நிலத்தடி நீரைப் பற்றி நம்மவர் செய்த ஆராய்ச்சிகள் பல. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலே எழுதப்பட்டன. கிணற்றின் சொந்தக்காரர் படிப்பதோ தமிழ். தம் வீட்டுக் கிணற்றைப் பற்றிய உண்மை எங்கோ ஒரு நூலகத் தட்டில் இருக்க, அவர் அதனை அறியாமலே அந்நீரைக் குழந்தைக்குப் புகட்டுகின்றார்.

நிலத்துக்குக் கீழே நடப்பது யாது என்பதைச் சற்றே பார்ப்போம். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன. பெய்யும் மழை அவற்றினூடாக இறங்கித் தங்குகின்றது. சுற்றிலும் கடலாதலின், அதற்குங் கீழே உவர்நீர் பரவி நிற்கின்றது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனத்தது. 1,000 பங்கு நிறையுள்ள நன்னீரின் அளவுக்கு ஒத்த கடல்நீர் ஏறத்தாழ 1,025 பங்கு நிறையுடையது. ஆகவே நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு நீர் ஊற்றி, மூன்று கரண்டி உப்பைக் கரையுங்கள். சீனி இடாத வெறுந்தேநீரை நன்றாக ஆறவிட்டு, ஒரு கரண்டியின் முதுகின்மேல் மெல்ல மெல்ல வழியவிடுங்கள். தேநீர் மேலேயும் உப்புநீர் கீழேயுமாக இரண்டும் தனித்து நிற்கும். ஒரு குழலால் மேற்பரப்பிலிருந்து மெதுவாக உறிஞ்சினால் தேநீர் மட்டும் வரும். குழலைத் தாழ்த்தி வேகமாக உறிஞ்சினாலோ உப்பும் கூடவே வரும். துலாவால் இறைத்த காலத்துக்கும் இயந்திரத்தால் இறைக்கும் காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இக்குவளை காட்டிவிடும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஒல்லாந்தராகிய கைபன் 1880 களின் இறுதியிலும், ஜேர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க் 1901 ஆம் ஆண்டிலும் அதனைத் தனித்தனியே வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் முடிவு. மறுதலையாக, நெடுநாள் இறைப்பினால் மேலே 1 அடி குறையுமாயின், கீழிருந்து உவர் 40 அடி ஏறிவர இடமுண்டு. நமது சுண்ணக்கல்லின் வெடிப்புகள் இக்கணக்கை இடத்துக்கிடம் மாற்றுமாயினும், எச்சரிக்கை மாறுவதில்லை. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் இனிப்பதும் ஆழத்து நீர் உவர்ப்பதும் இதனாலேயே. இராமபிரானின் அம்பு பாய்ந்த இடம் என்ற ஐதிகத்தைச் சொல்லும் பாட்டியாரே, இவ்விளக்கத்தையும் பேரப்பிள்ளைக்குச் சொல்லலாம், இரண்டுக்கும் பகையில்லை.

உப்பையாவது நாக்கு அறியும். நாக்கு அறியாத வேறொன்றும் நம் கிணறுகளில் உண்டு. அதன் பெயர் நைத்திரேற்று. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது மண்ணினூடாகக் கீழிறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நீரை அடைகின்றது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஓர் இலீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். செறிவாகத் தோட்டஞ் செய்யும் வலிகாமப் பகுதியின் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

இதனாற் பெரிதும் இடருறக்கூடியவர்கள் ஆறு மாதம் நிரம்பாத சிசுக்கள். அத்தகைய நீரிற் கரைத்த மாப்பாலை அருந்தும் சிசுவின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் இரத்தத்தின் ஆற்றலைக் குறைத்துவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். “நாங்கள் நீரைக் கொதிக்க வைத்தே கொடுக்கின்றோம்” என்று தாய்மார் ஆறுதலடைவர். கொதித்தலால் நோய்க்கிருமிகள் மடியும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். பரிசோதித்துப் பார்த்தாலன்றி அதனை அறிய வழியில்லை. தாய்ப்பாலே சிசுவுக்கு உற்ற காவல். மாப்பால் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பரிசோதித்துத் தேறிய நீரைத் தேடிக்கொள்வது கடமை. இந்த ஒரு செய்தி எத்தனை அடுக்களைகளை எட்டியிருக்கின்றது?

தமிழிற் சொல்ல இயலாது என்று எவரேனும் கூறின், அவர் மானிப்பாயை நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860 களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழிற் கற்றவர்கள் கிராமத்து மக்களோடு தங்கிப் பணி செய்வர் என்பது அவர் எண்ணம். உடற்கூற்றியல், இரணவைத்தியம் முதலிய துறைகளில் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. வேற்றுநாட்டார் ஒருவர் செய்தது நமக்கு எவ்வாறு அரிதாகும்?

இலண்டனில் மைக்கேல் பரடேயும் இத்தகைய பணியே செய்தார். அங்குள்ள றோயல் இன்ஸ்ரிரியூசனில் 1825 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இளைஞர்க்கான சொற்பொழிவுகள் தொடங்கின. பின்னாளில் அம்மேடையிலே பரடே ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்து, அதைக்கொண்டே எரிதலையும் காற்றையும் மூச்சையும் விளக்கினார். தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு அழைத்துச் செல்வதே அவர் கையாண்ட முறை. அவருக்கு மெழுகுதிரி, நமக்குக் கிணறு.

விளக்கம் நேரத்துக்கு வராவிடின் நேர்வது என்ன என்பதையும் நாம் கண்டோம். 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் பதைபதைத்தனர். வெவ்வேறு குழுக்களும் நிறுவனங்களும் வெளியிட்ட முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. “இந்நீரைக் குடிக்கலாமா, கூடாதா?” என்ற தாயின் எளிய வினாவுக்கு எளிய விடை கிடைக்கவில்லை. 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மின் நிலையத்தின் கழிவெண்ணெயால் நிலத்தடி நீர் மாசடைந்ததை ஏற்று, 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் இழந்தது நீரை மட்டுமா? அளந்து சொல்வோர்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் அல்லவா!

ஆதலின், மக்கள்முன் பேச வரும் விஞ்ஞானி மூன்று செய்திகளை மறைக்காமற் சொல்லல் வேண்டும். எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எதனை அளந்தார் என்பது ஒன்று. அவ்வளவு ஆபத்தானதா, யாருக்கு ஆபத்தானது என்பது மற்றொன்று. இன்னும் தமக்குத் தெளியாதது யாது என்பது மூன்றாவது. “இது தெரியவில்லை, அடுத்த மாரிக்குப் பின் மீண்டும் அளப்போம்” என்று ஓர் அறிஞர் கூறுவது இழுக்கன்று. நாளை அவர் “தெரியும்” என்று கூறும்போது ஊர் நம்புவது அதனாலேயே.

கேட்போர்க்கும் ஒரு கடன் உண்டு. பொன்னாடை போர்த்து, கைதட்டி, தேநீர் அருந்திக் கலைவதோடு விஞ்ஞானச் சொற்பொழிவு முடிந்துவிடலாகாது. வினா எழுப்பல் வேண்டும். தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் ஒன்று உண்டு. வடபகுதி உயர்தர மாணவர் அதன் பெயரை அறிவது பெரும்பாலும் அது நடத்தும் பரீட்சை வினாத்தாள்களால். ஆனால் வெளிக்களம் என்னும் சொல் வினாத்தாளைக் குறிப்பதன்று. நீரேரியையும், கண்டற் செடியையும், உவர்த் தரவையையும், கிணற்றடியையும் குறிப்பது.

ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், பல்கலைக்கழக ஆசிரியர்களும் பாடசாலை மாணவர்களும் தடுப்பணையருகே கூடட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கிணற்று நீரைத் தூய போத்தலில் எடுத்து வரட்டும். உப்பும் நைத்திரேற்றும் அங்கேயே அளக்கப்படட்டும். பெற்றோர் முன்னிலையில், விளங்கும் தமிழில், முடிவுகள் சொல்லப்படட்டும். அருகே கோயில் கொண்டிருப்பவன் அன்னதானக் கந்தன் எனப் போற்றப்படுபவன். வந்தவர் எவரும் பசியோடு திரும்பாத இடம் அது. அறிவுக்கும் அவ்வூரில் ஒரு பந்தி விரிக்கலாமன்றோ?

அதுவரை காத்திராமல் ஒன்று செய்யலாம். இன்று மாலை உங்கள் கிணற்றில் ஒரு கயிற்றை இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கின்றது என்று அளந்து, திகதியோடு ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். திங்கள்தோறும் அவ்வாறு குறித்து வாருங்கள். அடுத்த முறை ஒரு பேராசிரியர் உங்கள் ஊருக்குப் பேச வரும்போது, அக்கொப்பியை எடுத்துச் செல்லுங்கள்.