பிள்ளைக்குப் போவது நகல்

ஒரு கோப்பில் இரண்டே வரி. சின்ன எழுத்தில் தொடங்கும் ஆப்பிள், பெரிய எழுத்தில் தொடங்கும் பனானா. அதை சார்ட் கட்டளையிடம் கொடுத்தால் என் கணினியில் ஆப்பிள் முதலில் வருகிறது. சர்வரில் பனானா முந்திக்கொள்கிறது. ஸ்கிரிப்டில் பிழை இல்லை. எல்சி_ஆல் என்ற சூழல் மாறி இங்கே அமெரிக்க ஆங்கிலம் என்கிறது, அங்கே 'சி' என்கிறது. 'சி' என்றால் பைட்டின் எண்ணே வரிசை: பெரிய பி 66, சின்ன ஏ 97.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இந்த மாறிகள் உண்டு. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது பெயரும் மதிப்புமான பட்டியல் ஒன்று கூடவே போகிறது. போவது நகல். தொடங்கப்பட்ட பிள்ளை நிரல் அதில் என்ன கிறுக்கினாலும் தொடங்கிய பெற்றோரின் பட்டியலில் ஓரெழுத்தும் மாறாது. (வீடுகளில் இப்படியா நடக்கிறது!) 'ஸ்கிரிப்டில் எக்ஸ்போர்ட் செய்தேன், டெர்மினலில் காணோமே' என்று புதியவர்கள் புலம்புவது இதனால்தான். சோதனை எழுதுபவருக்கோ இது வரம். கட்டளைகளை ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும். ஷெல் தன்னையே பிரித்து ஒரு பிள்ளையை உண்டாக்கும். உள்ளே மாற்றியதெல்லாம் அதனோடே போய்விடும்.

பழைய மதிப்பை எடுத்துவைத்து, முடிந்ததும் திருப்பி வைத்தால் ஆகாதா? அங்கேதான் கண்ணி. 'இல்லாத மாறி' வேறு, 'வெறுமையான மாறி' வேறு. லினக்ஸில் டிஇஸட் என்ற மாறி இல்லாவிட்டால் கணினியின் உள்ளூர் நேரம். இருந்து வெறுமையாக இருந்தால் யுடிசி. இல்லாததை வெறுமையாகத் திருப்பிவைத்த சோதனைக்குப் பிறகு, இந்திய நேரத்தில் ஓடும் கணினியில் அடுத்த சோதனைகள் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். பழி மட்டும் அவற்றின் மேல்.

கிட் மென்பொருளின் சோதனைத் தொகுப்பு யாரையும் நம்புவதில்லை. தொடக்கத்திலேயே மொழியை 'சி' ஆக்குகிறது, நேரத்தை யுடிசி ஆக்குகிறது, ஹோம் மாறியைத் தற்காலிகக் கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. கட்டளைக்கு முன்னால் மாறியை எழுதினால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் செல்லும் என்பது பொது வழக்கம். ஆனால் அந்தக் கட்டளை ஷெல் ஃபங்ஷனாக இருந்தால், சில ஷெல்களில் மதிப்பு ஓட்டம் முடிந்தும் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே கிட்டில் டெஸ்ட்_என்வ் என்றொரு துணை ஃபங்ஷன் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தேன்; உள்ளே வேலை பார்ப்பது அதே ஒரு ஜோடி அடைப்புக்குறி.