பல் அகற்றிய பின் நாயின் தாடை எலும்பு

வளர்ந்த நாயின் வாயில் 42 நிலைப்பற்கள் உள்ளன. பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமும், உமிழ்நீரின் உப்புகளால் அது இறுகி உண்டாகும் காரையும் ஈற்றைப் புண்ணாக்க, அழற்சி வேரை ஒட்டிக் கீழிறங்கி, பல்லைப் பிணைத்திருக்கும் நார்களை அழித்து, பற்குழியின் சுவரையும் கரைத்துவிடுகிறது. இவ்வாறு பிடிப்பிழந்த பல்லை அகற்றிவிட்டால் சிகிச்சை முடிந்தது என்று நாய் வளர்ப்போர் பலர் கருதினாலும், எலும்பைப் பொறுத்தவரை வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

பல் நீங்கிய குழியில் முதலில் இரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டிக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புகுந்து சதைத்திசு உண்டாக, அதன்மேல் ஒழுங்கற்ற இளம் எலும்பு படிந்து, பின்னர் அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பாகவும் மச்சையாகவும் மாறுகிறது. கார்டரோபோலி, அராவுஹோ, லிண்டே ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றங்களை நாய்களின் தாடையிலேயே கண்டறிந்தது. அதில் 30ஆம் நாளில் குழியின் பெரும்பகுதியை எலும்பு நிரப்பியிருந்தது, 180ஆம் நாளில் அதில் பெரும்பங்கு மச்சையாகிவிட்டிருந்தது. மனிதப் பல் மருத்துவம் இன்று சொல்லும் குழி ஆறும் கதையில் கணிசமான பகுதி நாய்களிடமிருந்து கற்றது என்பது பலர் அறியாத செய்தி. பல் போன பின் கன்னப்பக்கச் சுவர் நாக்குப் பக்கச் சுவரைவிட அதிகமாகத் தேய்கிறது என்பதை அராவுஹோவும் லிண்டேயும் 2005இல் காட்டினர்; அந்த மெல்லிய சுவரின் விளிம்பு பல்லின் நார்களை நம்பியே நிற்கும் எலும்பாதலால், பல்லோடு அதுவும் மறைகிறது.

புதிய எலும்பு குழியின் சுவர்களிலிருந்தே வளரத் தொடங்குவதால், நோய் அச்சுவர்களை முன்பே தின்றுவிட்ட வாயில் ஆறுதல் குறைபடுகிறது. சிறிய இன நாய்களின் கீழ்த்தாடையில் முதல் பின்கடைவாய்ப்பல்லின் வேர்கள் தாடையின் அடிவிளிம்பை நெருங்கி நிற்பதால், அங்கே எலும்பு கரைந்திருந்தால் பல்லை எடுக்கும்போதோ அதற்குப் பின்னரோ தாடையே முறிந்துபோகலாம். மேல் கோரைப்பல்லின் உட்சுவர் அழிந்தாலோ, வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழுகிறது.

ஆகவே மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே பல்லில் கை வைக்கப்படுகிறது. பல வேர்ப்பற்களை வேருக்கொன்றாகப் பிளந்து எடுத்து, அழுகிய திசுவைச் சுரண்டி நீக்கி, கூரான எலும்பு விளிம்புகளை மழுக்கி, உப்புநீரால் கழுவி, ஈற்று மடலை இழுவிசை இல்லாமல் கரையும் நூலால் தைப்பதே அடிப்படை முறை. தாடையின் வலிமை ஐயத்துக்குரியதானால், பதப்படுத்திய நாயெலும்புத் துகளோ, கால்சியம் பாஸ்பேட், உயிரிக் கண்ணாடி போன்ற செயற்கைத் துகளோ குழியில் இடப்படுகிறது. இவை பெரும்பாலும் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றவை. எலும்பைக் கட்டுவது நாயின் சொந்த உயிரணுக்களே. சீழும் நோயுற்ற திசுவும் எஞ்சியிருக்கும் குழியில் எவ்வளவு விலையுயர்ந்த துகளை இட்டாலும் பயனில்லை. எல்லாப் பற்குழிக்கும் அது தேவையும் இல்லை.

வீட்டில் சுமார் இரண்டு வாரம் மென்மையான உணவு கொடுத்து, எலும்புத் துண்டு, கடினப் பொம்மை, கயிறு இழுக்கும் விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்த்தால் தையல் பிரியாமல் இருக்கும். வலிக்கு மருத்துவர் தந்த மருந்தையே கொடுக்க வேண்டும். மனிதருக்கான ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தாடை பலவீனமாக இருந்த நாய்க்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பு உண்மையில் நிரம்பியதா என்று தெரியும், ஏனெனில் ஈறு மூடிக்கொள்வது அதற்கு வெகு முன்பே நிகழ்ந்துவிடுகிறது.