ஸ்வீகாரத்தின் விலை

கமுதிக் கோட்டையைக் காணும் நேயர்கள், அதைக் கட்டிய சேதுபதிகளின் வீரத்தையே நினைப்பார்கள். அந்த வம்சம் ஒரு சமயம் ஒரு பாலனை நம்பி நின்றதென்பதைப் பலர் அறியார்.

கமுதி அடங்கிய ராமநாதபுரம் ஜமீனின் அதிபதி ராமஸ்வாமி சேதுபதி, 1830-ல் ஆண் சந்ததியின்றிக் காலமானார். அவருடைய பத்தினி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், 1847-ல் பங்காளிகளின் சம்மதத்தோடு முத்துராமலிங்கம் என்ற பாலனை ஸ்வீகாரம் செய்துகொண்டார். கணவரின் அனுமதி இல்லையே என்று ஆட்சேபித்தது வெள்ளையர் ராஜாங்கம். ஸ்வீகாரம் செல்லாதென்றால் ஜமீன் அதன் கைக்கு வந்துவிடுமல்லவா! நம் சாஸ்திரங்களில் அவர்களுக்கு அப்போது பிறந்த சிரத்தையை என்னவென்பது?

மதுரைக் கலெக்டரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. தென்னாட்டு வழக்கப்படி உறவினர் சம்மதமே போதுமென்று 1868-ல் தீர்ப்பாயிற்று. பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல 21 வருஷம்! வழக்குச் செலவு ஜமீனைக் கடனில் அமிழ்த்தியது. (1956-ம் வருஷச் சட்டத்திற்குப் பிறகு ஹிந்து விதவை எவர் அனுமதியுமின்றித் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையையும் எடுக்கலாம்.)

தீர்ப்பான அதே வருஷத்தில் முத்துராமலிங்க சேதுபதிக்கு ஒரு மகன் பிறந்தான். 1893-ல் விவேகானந்த ஸ்வாமிகளின் சிகாகோ யாத்திரைக்கு ஊக்கமளித்து, 1897-ல் அவரைப் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்ற பாஸ்கர சேதுபதி அவரே.