செய்மதித் தொடர்பாடலும் விமானப் போக்குவரத்து முகாமைத்துவமும்

மாணவர்களே, முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையே அமைந்த உடப்பின் கரையில் நின்று, ஆழ்கடல் செல்லும் வள்ளமொன்றை அவதானியுங்கள். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு அப்பால் அதன் அடிப்பகுதி மறையத் தொடங்கும். புவியின் வளைவே இதற்குக் காரணம். விமானத்துடனான வானொலித் தொடர்புக்கும் இதே வளைவு தடையாகின்றது.

1. தடை யாது?
விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் வழக்கமாகப் பேசும் அலைகளின் மீடிறன் 118 முதல் 137 மெகாஹேட்ஸ் வரையாகும். இவை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. எனவே 10 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்துடனும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வரையே பேசலாம். ராடருக்கும் இத்தகைய எல்லை உண்டு. ஆனால் இலங்கையின் பொறுப்பிலுள்ள கொழும்பு விமானத் தகவல் வலயம் இந்து சமுத்திரத்தின் மேல் இதைவிடத் தொலைவுக்குப் பரந்துள்ளது. அங்கு அயன மண்டலத்தில் தெறித்து வரும் 3 முதல் 30 மெகாஹேட்ஸ் வரையான அலைகள் உதவுகின்றன. எனினும் அயன மண்டலம் மாறுபடும்போது பேச்சுத் தெளிவு குன்றும்.

2. செய்மதி செய்வது யாது?
நிலநடுக்கோட்டின் மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள புவிநிலைச் செய்மதி, விமானத்தின் சமிக்ஞையைப் பெற்றுத் தரை நிலையத்துக்கு அனுப்புகின்றது.

கணிப்பு: மேலும் கீழுமாகச் செல்லும் மிகக் குறைந்த தூரம் ஏறத்தாழ 72,000 கிலோமீற்றர். ஒளியின் வேகம் செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர். எனவே தாமதம் 72,000 ÷ 300,000 = 0.24 செக்கன்.

வழக்கமான அறிவுறுத்தல்கள் எழுத்துச் செய்திகளாக அனுப்பப்படுவதால் தவறாகக் கேட்கும் வாய்ப்புக் குறைகின்றது. விமானத்தின் அமைவிடமும் உயரமும் தானாகவே அனுப்பப்படும். இதனால் சமுத்திரத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் விமானங்களின் இடைவெளியை 50 கடல் மைல் அல்லது அதற்கும் குறைவாக வைத்திருக்கலாம்.

3. தொடர்பு வேறு, கண்காணிப்பு வேறு
2014 மார்ச் 8 ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் பறந்த எம்.எச். 370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. ராடரில் மறைந்த பின்னரும் பல மணிநேரம் அதன் கருவி இன்மார்சாட் செய்மதிக்கு விடையளித்தது. ஆனால் அவ்விடைகளில் அமைவிடம் இருக்கவில்லை. சமிக்ஞைக்கு எடுத்த நேரத்திலிருந்து செய்மதிக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரம் கணிக்கப்பட்டது. கணிதத்தில் நீங்கள் கற்ற ஒழுக்கை நினைவுகூருங்கள்: செய்மதியிலிருந்து சமதூரத்தில் உள்ள இடங்கள் புவியின் மேல் ஒரு வட்டத்தில் அமையும். மீடிறன் மாற்றம் விமானம் தெற்கே சென்றதைக் காட்டியது. எனவே தேட வேண்டியிருந்தது ஒரு புள்ளியில் அன்று, மிக நீண்ட வில்லின் வழியே.

இதன் பின்னர், பெரிய பயணிகள் விமானங்களின் அமைவிடத்தைச் சமுத்திரத்தின் மேல் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பெறவேண்டும் என்னும் சர்வதேச நியமம் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பயிற்சி வினாக்கள்
1. கரையிலிருந்து 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள விமானத்துடன் 120 மெகாஹேட்ஸ் அலையில் நேரடியாகப் பேச முடியாதது ஏன்?
2. செய்மதியுடன் தொடர்பு இருந்தும் எம்.எச். 370 இன் அமைவிடம் அறியப்படாமைக்குக் காரணம் தருக.