வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநருக்குச் செய்யத்தக்கவை

எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவர்களின் டிராக்டர்கள் பெட்டக லாரிகளுக்கு ஒதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. மழையில் ஊறிய சாலையோரம் சரிந்தால் வண்டி ஓட்டுநருடன் பள்ளத்திற் கவிழும்.

அவ்வமயம் கூடியவர்கள் ஆளைக் காலைப் பற்றி இழுப்பது பெருந்தீங்கு. முதுகெலும்பு முறிந்திருப்பின், அவ்விழுப்பினாலேயே கால்கள் செயலற்றுப்போகக் கூடும். தீயோ நீரோ நெருங்கினாலன்றி அவரை அசைக்கலாகாது.

சக்கரத்தின்கீழ்த் தொடை நெடுநேரம் நசுங்கியிருந்தால் அபாயம் வேறு விதம். பாரம் நீங்கியதும், சிதைந்த தசையினின்று வெளிப்படும் பொருள்கள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1941இல் லண்டனில், குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களில் அகப்பட்டோரிடம் பைவாட்டர்ஸ் என்னும் வைத்தியர் இதனைக் கண்டு விவரித்தார். ஆகையால் எவ்வளவு நேரம் நசுங்கியிருந்தார் என்பதை 108 வண்டியினரிடம் தவறாமற் சொல்லுதல் வேண்டும். பின்னர்ச் சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவியுண்டு. கிராம அதிகாரிகள் இதனை ஊரறியச் செய்தல் நலம்.

கை நசுங்கியவர்க்கு, இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் கட்டுப் பிரித்தபின் விரல்களை மடக்கி நீட்டிப் பழகாவிடில் தசைநார் ஒட்டிக்கொள்ளும். கூலி போகுமென்றஞ்சி ஓட்டுநர்கள் இப்பயிற்சியை நடுவில் விட்டுவிடுவர். அந்நாட்களுக்குக் கூலி கொடுப்பது வண்டிக்குடையவர் கடமையே.

ஸ்வீடனில் 1959 முதலே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகம் கட்டாயமாயிற்று. இங்கு வாங்குவோரும் அதனைக் கேட்டு வாங்கலாம். இடுப்புப் பட்டை அச்சட்டகம் உள்ள வண்டிக்கே உரியது; இல்லாத வண்டியில் அணிந்தால் ஆள் வண்டியின்கீழ் அகப்படுவார்.